தலை தடவும் வரிசை

பூஜாத்,
9 ஆகஸ்ட் 2008

பஹீஜாவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் சங்கத்தின் கடற்கரை முகாமிலிருந்து ஷாமா வீடு திரும்பிய நாள் முதல் பேசாமல்தான் இருந்தேன். "விட்டுத் தொலை மனுஷா, பிள்ளை சந்தோஷமா வந்திருக்கு" என்று வீட்டில் மெனானா சொன்னதற்காக இருந்தேன். அதற்கு முன்பும் உன் விஷயத்தில் நான் பேசாமல் இருந்தவன்தான். ரபாத்தில் பாராளுமன்றத்துக்கு எதிரே, வேலை கேட்டு நாம் பட்டதாரிகள் வெயிலில் உட்கார்ந்து போலீஸ் தடியடி வாங்கினோமே, கடைசியில் அரசு வேலை தர ஒப்புக்கொண்டவர்களில் நீ இருந்தாய், நான் இல்லை. அப்போது பேசவில்லை. என் அம்மாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை. அதற்கும் பேசவில்லை. உன் சங்கத்தின் அறிக்கைகளில் வரும் வாக்கியப் பிழைகளைப் பார்த்து எத்தனையோ முறை கை துறுதுறுத்தது. பேசவில்லை. ஆனால் இது என் மகள்.

தொலைபேசியில் அழைத்திருக்கலாம். நான் கத்துவேன், நீ அழுவாய், பிறகு இருவரும் உடம்பை விசாரித்துவிட்டு வைத்துவிடுவோம். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. அதோடு இது என் தொழில். தத்துவத்தில் பட்டம் வாங்கியவன் நீதிமன்ற வாசலில் மேசை போட்டு, ஊராரின் நிலத் தகராறுக்கும் ஜீவனாம்சத்துக்கும் மனு எழுதிப் பிழைக்கிறேன். இன்று எனக்காக ஒன்று எழுதுகிறேன்.

நிறைவு விழாவுக்குப் பெற்றோரை அழைப்பதில்லை என்று உன் சங்கத்தார் முன்பே சொல்லியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இலவசம் என்று கொடுக்கிறவர்களிடம் கேள்வி கேட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஷாமா தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, கடைசி நாள் சாயங்காலம் நாங்க எல்லாரும் பாடறோம். நான் முன்னாடி நிக்கறேன்." பதினோரு வயதில் முதல் தடவையாக வீட்டை விட்டுப் போனவள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளிடம் சொல்லாமல் பஸ் பிடித்தேன். குரீப்காவில் ஒரு பஸ், ஸெத்தாத்தில் ஒரு பஸ், அல்-ஜதீதாவிலிருந்து முகாம் வரை ஒரு மீன் வண்டி.

வாசலில் உன் காவலாளி நின்றிருந்தான்.

"யாரைப் பாக்கணும்?"

"ஷாமாவை. பூஜாத்லேர்ந்து வந்த பொண்ணு."

"நீங்க மாமாவா, சித்தப்பாவா?"

"அப்பா."

அவன் சிரித்தான். கெட்டவன் அல்ல, உண்மையாகவே அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஸீ, ஐயா, நல்ல நாள் பாத்து விளையாடாதீங்க. உள்ள இருக்கறது பூரா அப்பா இல்லாத பிள்ளைங்க. தலைவியம்மாவே மைக்குல சொல்லிட்டு இருக்காங்க, கேளுங்க."

"நான் உயிரோட இருக்கேனே."

"அதுக்கு அல்லாவுக்கு நன்றி சொல்லுங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கார் வருது."

ஓரமாகத்தான் நின்றேன். உன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "நம்முடைய அனாதைக் குழந்தைகள்" என்றாய். கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எல்லாம் தெரிந்தது. பிள்ளைகள் பாடி முடித்தார்கள். வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிறுத்தினீர்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். முன்னால் முகாமுக்குப் பணம் தரும் ஹாஜ் திபாரி, பின்னால் அவர் குடும்பம், அதற்குப் பின்னால் அவருடைய தானிய மண்டிக் கூட்டாளிகள். ஒவ்வொருவராக ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தடவிக்கொண்டு போனார்கள். அனாதையின் தலையைத் தடவினால் கை பட்ட ஒவ்வொரு முடிக்கும் ஒரு நன்மை என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அதை இப்படி வரிசை கட்டி அறுவடை செய்வதை அன்றுதான் பார்த்தேன். பட்டுக் கஃப்தான் போட்ட ஒரு அம்மாள் கடைசிப் பிள்ளை வரை போய்விட்டு, சுற்றி வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். போட்டோ எடுப்பவன் ஒரு சின்னப் பெண்ணிடம், "சிரிக்காத கண்ணு, கீழ பாரு" என்றான்.

என் மகளும் அந்த வரிசையில் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் யாரோ அவள் தலையில் கை வைத்தார்கள், செத்துப்போன எனக்காக அவளிடம் ஆறுதல் சொன்னார்கள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே போய், "இவளுக்கு அப்பன் நான்" என்று கத்தியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆகியிருப்பது நீ அல்ல, அவள். அதனால் திரும்பி நடந்தேன். நான் வந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கேட்பது ஒன்றுதான். அதே ஆட்களைக் கூட்டி, அதே மைக்கில், பூஜாத்திலிருந்து வந்த ஷாமாவுக்குத் தகப்பன் இருக்கிறான் என்று நீ சொல்ல வேண்டும்.

இன்னும் இறக்காத,
ஷர்க்கி வர்தீகி


கசபிளாங்கா,
17 ஆகஸ்ட் 2008

அன்புள்ள ஸீ ஷர்க்கி,

உனக்கும் மெனானாவுக்கும் என் ஸலாம். ஷாமாவின் இரண்டு கன்னத்துக்கும் இரண்டு முத்தம். அவள் உடம்பில் வெயிலில் தோல் உரிந்த இடத்தில் ஆலிவ் எண்ணெய் தடவச் சொன்னேனே, தடவுகிறாளா? நல்ல பிள்ளை. அலையைப் பார்த்து முதல் நாள் அலறினவள், கடைசி வாரம் நீச்சல் சொல்லிக்கொடுப்பவளிடம், "நீங்க கரையில இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாளாம்.

இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய், "எப்படி இருக்கிறாய்" என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். உன் அம்மாவின் அடக்கத்தன்று நான் மருத்துவமனையில் படுத்திருந்தேன். எதற்கு என்று ஒரு ஆணுக்குக் கடிதத்தில் எழுத மாட்டேன். பிறகு துக்கம் கேட்க வந்தபோது நீ கடைத்தெருப் பக்கம் போய்விட்டாய். மெனானாதான் தேநீர் கொடுத்தாள். கேட்டுப் பார்.

இனி விழா. நான் சொன்னது பொய்தான், அதை மறைக்க மாட்டேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்பதையும் கேள்.

ஹாஜ் திபாரி அனாதைகளுக்காக நேர்ந்துகொண்டவர். அவர் பணம் அதற்கு மட்டும்தான். நானும் அனாதைப் பெண்பிள்ளைகளைத் தேடித்தான் மலைக் கிராமங்களுக்கெல்லாம் போனேன். சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் விட மறுத்தார்கள். "கோடையிலதான், லல்லா, வேலை அதிகம், ஆடு மேய்க்க யார் இருக்கா" என்றார்கள். "கடல்ல குளிக்கற பொண்ணை யார் கட்டுவான்" என்றார்கள். பாதிக் கட்டில் காலியாகக் கிடந்தது. வீடு எடுத்தாகிவிட்டது, சமையல்காரி வந்தாகிவிட்டது, மீன்காரனிடம் மத்திக்குச் சொல்லியாகிவிட்டது. அப்போதுதான் உன் மகளைப் போன்ற பிள்ளைகளைச் சேர்த்தேன். தகப்பன் இருக்கிறான், ஆனால் கடலுக்கு அனுப்ப வழியில்லை. அந்தப் பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா? சொல்.

ஹாஜிடம் இதைச் சொல்லவில்லை. அது என் தப்பு. ஆனால் உன் மகளைப் பொய் சொல்ல வைத்ததுபோல எழுதியிருக்கிறாயே, அது நடக்கவில்லை. அன்று மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னேன்: பாட்டு முடிந்ததும் அப்பா இருப்பவர்கள் எல்லோரும் சமையலறைக்குப் போய்விடுங்கள், பெரியவர்கள் போகும் வரை பட்டாணி உரித்துக்கொண்டிருங்கள், யாரும் பொய்யாக நிற்க வேண்டாம். போனார்கள். உன் மகள் போகவில்லை. நானே பக்கத்தில் போய்க் காதில் சொன்னேன்: "உனக்குத்தான் அப்பா இருக்காரே கண்ணு, நீ உள்ள போ." அவள் சொன்னது இது: "நான் இங்கயே நிக்கறேன், லல்லா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. விருந்தாளிகள் எழுந்துவிட்டார்கள்.

மைக் முன்னால் என்னை நிறுத்துவதற்கு முன்னால் உன் மகளிடம் போய்க் கேள், ஷர்க்கி.

என்றும் உன் நலம் விரும்பும்,
பஹீஜா


பூஜாத்,
26 ஆகஸ்ட் 2008

பஹீஜாவுக்கு,

முதலில் கடன் தீர்த்துவிடுகிறேன். மெனானாவிடம் கேட்டேன். நீ வந்தது உண்மை, தேநீர் குடித்ததும் உண்மை. என்னிடம் சொன்னதாகச் சொல்கிறாள். நான் காதில் வாங்கவில்லையாம். அடக்க விஷயம் முடிந்தது.

மற்றது முடியவில்லை.

"உன் மகளிடம் போய்க் கேள்" என்று எதற்கு எழுதினாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வெட்கம், வேலை கிடைக்காத அப்பன் இருப்பதைவிட இல்லாததே மேல் என்று நினைத்துவிட்டாள் என்று நான் நம்ப வேண்டும். வாயடைத்து உட்கார வேண்டும். இரண்டு நாள் அப்படித்தான் உட்கார்ந்தேன். மேசைக்கு மனு எழுத வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் அவளிடம் கேட்பேன் என்று நீ எதிர்பார்க்கவில்லை.

மொட்டை மாடியில் ஜமுக்காளம் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மறு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

"உங்க கடைசி நாள் விழாவுக்கு நான் வந்தேன்" என்றேன்.

கையை நிறுத்தினாள். "எங்க இருந்தே?"

"வேலிக்கு வெளியில."

"ஏன் கூப்பிடல?"

"நீ வரிசையில நின்னுட்டு இருந்தே."

ஜமுக்காளத்துக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை. அப்புறம் கேட்டாள்: "அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல. நீ ஏன் உள்ள போகல? லல்லா பஹீஜா போகச் சொன்னாங்களாமே."

"இத்தோ இருந்தாளே."

இத்தோ யார் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கெனிஃப்ரா மலையிலிருந்து வந்த பெண். தகப்பன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவன். ஷாமாவின் பக்கத்துக் கட்டில்.

"இத்தோவுக்குத் தலையைத் தொட்டாப் பிடிக்காது, அப்பா. ஊர்ல யார் வீட்டுக்கு வந்தாலும் அவ பெரியம்மா அவளைக் கொண்டுவந்து நிறுத்துவாங்களாம், தடவிட்டுப் போவாங்களாம். ஈது பெருநாளுக்கு முன்னாடி சந்தையில ஆட்டு முதுகைத் தடவிப் பாப்பாங்களே, அந்த மாதிரி இருக்குன்னா. கொழுப்பு இருக்கான்னு பாக்கற மாதிரி."

"பயந்தாளா?"

"பயமெல்லாம் இல்ல. அவ சண்டைக்காரி. எங்க அறையிலயே அவதான் எல்லாருக்கும் பேர் வெப்பா. அந்த மோதிரம் போட்ட அம்மாவுக்குச் 'சீப்பு'ன்னு பேரு, முடியெல்லாம் மாட்டி இழுக்கும். கை வேர்க்கற ஒருத்தருக்கு 'ஊறுகா'." அதைச் சொல்லும்போது சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "அன்னிக்கி மட்டும் வாந்தி வரும்போல இருக்குன்னா. யாராவது கையைப் பிடிச்சிட்டு இருந்தா நின்னுடுவேன்னா."

"அவளையும் சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

"அவ எப்படிப் போக முடியும்? அவளுக்கு அப்பா இல்லையே."

பஹீஜா, இதை அவள் ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மதிய வெயிலில் நிழல் இல்லை என்பதைப்போலச் சொன்னாள். அதனால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

"உனக்கு ஒண்ணும் ஆகலியா? அத்தனை பேர் தொட்டாங்களே."

"எனக்கென்ன? எனக்கு அப்பா இருக்காரு. தடவிட்டுப் போறாங்க."

இதைக் கேட்ட பிறகு என் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எந்த மைக்கிலும் என் பெயரைச் சொல்ல வேண்டாம். ஷாமாவுக்கு அப்பா இருப்பது ஷாமாவுக்குத் தெரியும்.

இப்போது கேட்பது வேறு. நீ ஒரு சமையலறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரையும் பொய் சொல்ல வைக்கவில்லை என்று நிம்மதியாகத் தூங்குகிறாய். அந்தக் கதவு யாருக்கு? அப்பா இருக்கிறவளுக்கு. வீட்டில் கேட்க ஆள் இருக்கிறவளுக்கு. வேலிக்கு வெளியே வந்து நிற்க ஒருவன் இருக்கிறவளுக்கு. அவளைக் காப்பாற்றி உள்ளே அனுப்பிவிட்டு, கேட்க நாதியில்லாத பிள்ளையை முன்னால் நிறுத்தி, வா, வந்து தடவு என்று பெரிய மனிதர்களைக் கூப்பிட்டாய். அவள் முடியில் அவர்களுக்கு நன்மை, அவர்கள் பணத்தில் உனக்கு முகாம். அவளுக்கு என்ன? மத்தி மீனும் கடலும். அதற்கு விலையாகத் தலையைக் கொடுக்க வேண்டும்.

இத்தோ பதின்மூன்று வயதுப் பெண். அவள் வயதில் உன் தலையில் அந்நிய ஆண் கை வைத்திருந்தால் உன் அப்பா என்ன செய்திருப்பார்? அவரை நான் அறிவேன். சங்கத்தையே கொளுத்தியிருப்பார்.

வரிசையை நிறுத்து. அடுத்த கோடையில் முகாம் நடக்கட்டும், விழா நடக்கட்டும், பிள்ளைகள் பாடட்டும், ஹாஜ் கை தட்டட்டும். கை அவர் மடியிலேயே இருக்கட்டும். நிறுத்துவதாக நீ எழுதித் தந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். இல்லையென்றால் ஹாஜுக்கும் உன் நிர்வாகக் குழுவுக்கும் நானே எழுதுகிறேன்.

ஷர்க்கி வர்தீகி


கசபிளாங்கா,
5 செப்டம்பர் 2008

ஸீ ஷர்க்கி,

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரமலான் வாழ்த்து. இந்த வருடம் பகல் நீளம், தலை வலிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இத்தோ விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல பதில் ஒன்றும் வரவில்லை. அதை உன்னிடம் மறைப்பதில் பிரயோஜனமில்லை.

நீ நினைப்பதுபோல நான் சும்மா இருக்கவில்லை. முந்தாநாள் ஹாஜின் வீட்டில் நோன்பு திறக்க அழைத்திருந்தார்கள். பேச்சுவாக்கில் மெல்ல ஆரம்பித்தேன். "அடுத்த வருஷம் நீங்க எல்லாரும் பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடலாமே ஹாஜ், அந்த வரிசைக்குப் பதிலா" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு ஏழு வயசுல அப்பா போயிட்டாரு மகளே" என்றார். "கல்லறையிலேர்ந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க. என் தலையில ஒருத்தர் கை வைக்கல. நான் வாசல்லயே நின்னேன், யாராவது வெப்பாங்கன்னு. அது என் மனசுல அப்படியே இருக்கு."

அழுதார், ஷர்க்கி. எழுபது வயதுக்காரர், பேரப்பிள்ளைகள் முன்னால். அவரிடம் போய், நீங்கள் தடவினால் பிள்ளைகளுக்கு ஆட்டுச் சந்தை நினைவு வருகிறது என்று எப்படிச் சொல்வேன்? அவருக்கு நெஞ்சுவலி வேறு. சொன்னால் ஒன்று அவர் நொறுங்கிப்போவார், இல்லை கோபித்துக்கொண்டு போய்விடுவார். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த கோடையில் முகாம் இல்லை.

ஈதுக்கு முன்னால் நிர்வாகக் குழு கூடுகிறது. அடுத்த வருடம் இன்னொரு வீடும் எடுக்கலாம் என்று பேச்சு. ஷாமாவுக்கு இடம் உண்டு. இத்தோவின் பெரியப்பாவிடம் நானே போய்ப் பேசி அவளையும் கூட்டி வருகிறேன். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என் வாக்கு. ஷாமாவை நீச்சல் போட்டிக்குத் தயார் செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பவள் சொல்கிறாள். இதற்கெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான். ஹாஜுக்கு எழுதாதே.

நீ எழுதுவாய் என்று தெரிந்தே கேட்கிறேன். ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும். ரபாத்தில் தடியடி வாங்கி ஓடியபோது நம்மோடு வந்தவர்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டு ஏதோ ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். நீ மட்டும் இன்னும் அந்தத் தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறாய். உன் கோபத்தை வைத்து ஒரு மத்தியைக்கூட வறுக்க முடியாது. என் பொய்யை வைத்து ஒரு கோடைக்கு வறுத்திருக்கிறேன். உன் கடிதங்களிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டுப் படித்துப் பார். என்ன மிஞ்சும்? பஹீஜாவுக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தவிர?

மன்னித்துக்கொள். நோன்பில் இப்படி எழுதக் கூடாது. கிழித்துப் போட்டு வேறு எழுதத் தெம்பில்லை.

பஹீஜா


பூஜாத்,
16 செப்டம்பர் 2008

பஹீஜாவுக்கு,

மன்னிக்க ஒன்றுமில்லை. எனக்கு இத்தனை வருடத்தில் வந்த கடிதங்களில் நேர்மையானது அது. கிழிக்காமல் அனுப்பியதற்கு நன்றி.

அதை மெனானாவுக்கும் ஷாமாவுக்கும் படித்துக் காட்டினேன். உன் கடைசிப் பத்தியையும் சேர்த்துத்தான். நோன்பு திறந்து ஹரீரா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம்.

மெனானாவுக்குச் சந்தேகமே இல்லை. "இடம் தர்றேங்கறா. பக்கத்துக் கட்டில் தர்றேங்கறா. இன்னும் என்ன மனுஷா வேணும் உனக்கு? நீ கோபத்துல படிச்சே, கோபத்துல என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டே, பிள்ளையோட கடலையும் அதுலயே கரைச்சுடாத."

"உன்னைக் கோபத்துல பண்ணிக்கல" என்றேன்.

"அன்னிக்கி உன் மூஞ்சியை நான்தானே பாத்தேன்" என்றாள்.

ஷாமா சிரித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "இத்தோ நிஜமா வருவாளா?"

"வருவான்னு எழுதியிருக்கா."

"வரிசை இருக்குமா?"

"இருக்கும்."

கிண்ணத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள். "அப்ப நான் என்ன பண்ணணும்? நின்னா பொய். இப்ப உனக்குத் தெரியும், லல்லாவுக்கும் தெரியும், முன்ன மாதிரி நிக்க முடியாது. சமையக்கட்டுக்குப் போனா அவ தனியா நிப்பா."

ஒரு பிள்ளைக்குக் கடலைக் கொடுத்து, கூடவே இந்தக் கேள்வியையும் கட்டிக் கொடுக்கிறீர்கள். அடுத்த கோடை வரை இதை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து மெனானா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, எழுது. பேரைப் போட்டுத் தொலைக்காத. போட்டா முதல்ல பிள்ளை பேரைத்தான் அடிப்பாங்க."

பேர் போடாமல் எழுதுகிறவன் கோழை என்று சொல்லப் போனேன். என் மேசைக்கு மொட்டைக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களை நான் விரட்டி அடித்திருக்கிறேன். பூஜாத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அதனால் அன்று எழுதாமல் படுத்தேன். மறுநாள் எழுதினேன்.

ஹாஜின் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. வாசலில் நின்ற அந்த ஏழு வயதுப் பையன் எனக்கும் தெரிகிறான். ஆனால் அவன் அன்று காத்திருந்தது ஒரு கைக்கு. அவனுக்குத் தெரிந்த யாராவது ஒருவரின் கைக்கு. இன்று அவர் கொடுப்பது ஊர்வலம். அவர் அப்பா இறந்த அன்று தானிய மண்டிக்காரர்கள் வரிசையாக வந்து, போட்டோக்காரனை வைத்துக்கொண்டு, அவர் தலையைத் தடவியிருந்தால் அவரும் இத்தோவைப்போல யாருடைய கையையாவது பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார். இதை அவரிடம் சொன்னால் நொறுங்கிப்போவார் என்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த விஷயத்தில் இத்தோவைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே பணக்காரர் அவர்தான். அவரிடமிருந்து இதை மறைப்பது அவருக்கு நீ செய்யும் மரியாதை அல்ல. அவரை ஒரு பணப்பெட்டியாக மட்டும் வைத்திருக்கிறாய்.

அவருக்கும் குழுவுக்கும் எழுதியதன் நகல் இதோடு இருக்கிறது. ஒரு பக்கம்தான். முகாமில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா உண்டு என்பதை அதில் எழுதவில்லை. அது உன் பொய், நீயே சொல்லவேண்டியது, சொல்லாமலும் இருக்கலாம். உன் பெயரே அதில் இல்லை. ஷாமாவும் இல்லை, இத்தோவும் இல்லை. அந்த வரிசையில் நிற்கும் பெண்பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பது மட்டும் இருக்கிறது, ஆட்டுச் சந்தை உட்பட. வாசலில் நின்ற பையனைப் பற்றியும் இல்லை. அவர் உன்னிடம் சொன்னதை நான் திருட மாட்டேன். படித்தால் அவருக்கே ஞாபகம் வரும்.

பெயரை எடுத்துவிட்டுப் படித்துப் பார் என்று எழுதியிருந்தாயே, செய்தேன். என் வேலை அதில் இல்லை, உன் வேலையும் இல்லை. ரபாத் இல்லை. நிறைய மிஞ்சுகிறது, பஹீஜா. என் பெயர் இருந்தபோது இருந்ததைவிட அதிகம் மிஞ்சுகிறது. அது எனக்குக் கசப்பாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

எழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று குழுவில் உன்னைக் கேட்பார்கள். என் எழுத்து உனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து தெரியும். தெரியும் என்று சொன்னால் ஷாமாவின் இடம் போகும். தெரியாது என்று சொன்னால் அது உன் இரண்டாவது பொய். நீ எதைச் சொன்னாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நாம் இன்னும் சிநேகிதர்களா என்பது, அடுத்த கோடையில் ஷாமாவுக்கு இடம் இருக்கிறதா என்பதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும்.

ஹாஜுக்கான கடிதத்தின் அடியில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகப் போடும் கையெழுத்துக்குக் கை தானாகவே போனது. நிறுத்தினேன். "ஒரு தகப்பன்" என்று போடலாமா என்று பார்த்தேன். அப்படிப் போட்டால் அது கேட்க ஆள் இருக்கிற பிள்ளையின் கடிதம் ஆகிவிடும். அவளுக்குத்தான் நீ ஏற்கெனவே சமையலறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாயே. இது மற்றவளின் கடிதம். அவளுக்காக இந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். அவன் இடத்தில் என் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை.

அதனால் அடியில் ஒன்றும் எழுதவில்லை. உறையை ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லாமலேயே இன்று தபாலில் போடுகிறேன். உனக்கு எழுதும் இதையும் அப்படியே.